டெப்ளாய் முடிந்ததும் சிலருக்கு மட்டும் வெள்ளைத் திரை: சிடிஎன் கேஷைத் திருத்துவதா, எட்ஜுக்கு மாறுவதா?

கேள்வி: சங்க்_தேடி

வணக்கம். எங்கள் அமைப்பு இது: ரியாக்ட் (பக்கத்தைக் கட்டும் ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரி), வீட் 5 (அதைக் கோப்புகளாக்கும் பில்டு கருவி). பில்டு ஆன டிஸ்ட் ஃபோல்டர் மும்பை ரீஜனில் உள்ள எஸ்3 பக்கெட்டுக்கு (அமேசானின் கோப்புக் கிடங்கு) போகிறது, முன்னால் கிளவுட்ஃபிரண்ட் (அமேசானின் சிடிஎன்: கோப்புகளின் நகலை, அதாவது கேஷை, பயனருக்கு அருகிலுள்ள எட்ஜ் சர்வர்களில் வைத்துக் கொடுக்கும் வலை). அதே டொமைனில் /ஏபிஐ/* மட்டும் லோட் பேலன்ஸருக்குப் போகும். டேட்டாபேஸான போஸ்ட்கிரெஸும் மும்பையில்தான். பயனர்களில் பெரும்பாலோர் தமிழ்நாடு, அடுத்தபடியாக சிங்கப்பூர், மலேசியா, கொஞ்சம் துபாய்.

டெப்ளாயை (புதிய பதிப்பை ஏற்றுவதை) தானாகச் செய்யும் சிஐ-யில் இரண்டே வேலை. எல்லாக் கோப்புகளுக்கும் மேக்ஸ்-ஏஜ்=604800 (உலாவி 7 நாள் கேஷில் வைக்கலாம்) போட்டு எஸ்3 சிங்க் --டெலீட் (புதியதை ஏற்றி, புது பில்டில் இல்லாததை அழிப்பது). பிறகு /* இன்வேலிடேஷன் (சிடிஎன்னில் உள்ள நகல் அனைத்தையும் செல்லாததாக்குவது).

முதல் பிரச்சினை: ஒவ்வொரு டெப்ளாய்க்கும் பிறகு சிலருக்கு வெள்ளைத் திரை. கன்சோலில் "மாட்யூல் ஸ்கிரிப்ட் எதிர்பார்த்த இடத்தில் டெக்ஸ்ட்/ஹெச்டிஎம்எல் வந்திருக்கிறது" என்ற பிழை. ரெஃப்ரெஷ் செய்தால் பாதிப்பேருக்குச் சரியாகிறது, மீதிப்பேருக்கு ஆவதில்லை. இன்வேலிடேஷன் "முடிந்தது" என்று காட்டிய பிறகும் இது நடக்கிறது.

இரண்டாவது: பொருள் விவரப் பக்கங்களை எட்ஜிலேயே ரெண்டர் செய்தால் (ஹெச்டிஎம்எல்லாகத் தயாரித்தால்) வேகம் கூடும் என்று டீமில் ஒரு பேச்சு ஓடுகிறது. எட்ஜில் நிரல் ஓட்ட அமேசானின் கிளவுட்ஃபிரண்ட் ஃபங்ஷனா, லாம்டா@எட்ஜா, இல்லை மொத்தமாக கிளவுட்ஃபிளேரின் வொர்க்கர்ஸ் பக்கம் போய்விடலாமா?

பதில்: முந்நூத்துநாலு

இது ஒரு தப்பு இல்ல. மூணு தப்பு ஒண்ணு மேல ஒண்ணு ஏறி நிக்குது. அதனாலதான் சிலருக்கு ரெஃப்ரெஷ்ல சரியாகுது, சிலருக்கு ஆகல.

மொதல்ல அந்தப் பிழைய நேராப் படிங்க. .ஜேஎஸ் கேட்டா ஹெச்டிஎம்எல் வருதுன்னா அந்தக் கோப்பு பக்கெட்ல இல்ல. இல்லாத கோப்புக்கு 404 வரணும். ஆனா பக்கெட்டைப் பட்டியலிடுற அனுமதி கிளவுட்ஃபிரண்டுக்கு இல்லன்னா எஸ்3 404 தராது, 403 தரும். எஸ்பிஏ-வுக்காக (ஒரே இண்டெக்ஸ்.ஹெச்டிஎம்எல்லை வெச்சு எல்லாப் பக்கத்தையும் காட்டுற ஆப்) "403 வந்தா இண்டெக்ஸ்.ஹெச்டிஎம்எல்-ஐ 200-ஓட குடு"ன்னு கஸ்டம் எரர் ரெஸ்பான்ஸ் நீங்க வெச்சிருப்பீங்க. பாதி இணையமே அப்படித்தான் சொல்லிக்குடுக்குது. அதோட விலைதான் இது: தொலைஞ்ச கோப்பு தொலைஞ்சதாவே தெரியாது, 200 போட்டுக்கிட்டு ஹெச்டிஎம்எல்லா வந்து நிக்கும். மானிட்டரிங்லயும் எல்லாம் பச்சையாத்தான் இருக்கும்.

இன்னொரு விஷயம், கஸ்டம் எரர் ரெஸ்பான்ஸ் டிஸ்ட்ரிபியூஷன் (உங்க கிளவுட்ஃபிரண்ட் அமைப்பு) முழுசுக்கும் பொருந்தும், ஒரு பிஹேவியருக்கு (ஒரு பாதைக்கான விதி) மட்டும்னு கெடையாது. உங்க /ஏபிஐ/* அனுமதி இல்லன்னு 403 சொன்னாலும் உலாவிக்குப் போறது இண்டெக்ஸ்.ஹெச்டிஎம்எல், ஸ்டேட்டஸ் 200. ஜேசன் பார்ஸ் ஆகலன்னு வேற ஒரு டிக்கெட் திறந்திருந்தா அதையும் இங்க சேத்து மூடுங்க.

ஏன் கோப்பு இல்ல? --டெலீட். காலைல டேப் திறந்து வெச்சவரோட பக்கத்துல பழைய சங்க் (ஆப்போட ஜாவாஸ்கிரிப்ட்டைப் பிரிச்சு வெச்ச துண்டுக் கோப்பு) பேருங்கதான் இருக்கு. மத்தியானம் நீங்க டெப்ளாய் பண்ணிட்டீங்க. அவர் "ஆர்டர்கள்" மெனுவை அமுக்கும்போதுதான் லேசி லோட் ஆகுற சங்க்கை உலாவி கேக்கும், அது அழிஞ்சு போச்சு. எந்த கேஷ் ஹெடரும் இவரைக் காப்பாத்தாது. பழைய கோப்பு பக்கெட்ல இருந்தாத்தான் உண்டு. இவருக்கு ரெஃப்ரெஷ் பண்ணா சரியாகும்.

ரெஃப்ரெஷ் பண்ணியும் சரியாகாதவர் வேற ரகம். சிங்க் கோப்புகளை இணையா ஏத்தும், எது முதல்ல போகும்னு உத்தரவாதம் இல்ல. புது இண்டெக்ஸ் ஏறி, புது சங்க் இன்னும் ஏறாத அந்த ஒண்ணு ரெண்டு செகண்ட்ல வந்தவருக்கு, புது சங்க்கோட யூஆர்எல்லுக்கு ஹெச்டிஎம்எல் போயிருக்கு. அது கூடவே இண்டெக்ஸோட மேக்ஸ்-ஏஜ்=604800-ம் போயிருக்கு. எட்ஜ்ல அது சீக்கிரம் போயிடும் (எரர் கேஷிங் டிடிஎல், அதாவது பிழைப் பதிலை வெச்சிருக்குற நேரம், டிஃபால்ட்டா 10 செகண்ட்தான்), ஆனா அவர் உலாவியில அந்த .ஜேஎஸ் பேருல ஹெச்டிஎம்எல் 7 நாள் உக்காந்திருக்கும். குரோம்ல சாதாரண ரெஃப்ரெஷ் பக்கத்தை மட்டும்தான் திரும்ப விசாரிக்கும், உள்ள இருக்குற ஸ்கிரிப்ட்டை கேஷ்லருந்தே எடுத்துக்கும். இன்வேலிடேஷன் சிடிஎன் கேஷைத்தான் துடைக்கும். பயனரோட லேப்டாப் வரைக்கும் அதோட கை நீளாது.

டெப்ளாயை இப்படி மாத்துங்க:

1. மொதல்ல அசெட்ஸ் ஃபோல்டர் மட்டும், --டெலீட் இல்லாம. ஹெடர்: பப்ளிக், மேக்ஸ்-ஏஜ்=31536000, இம்மியூட்டபிள். பேர்ல ஹேஷ் (உள்ளடக்கம் மாறினா மாறுற குறியீடு) இருக்குறதால ஒரு வருஷம் வெச்சாலும் பயமில்ல.
2. ஹேஷ் இல்லாத சில்லறை (ஃபேவ்ஐகான், ரோபாட்ஸ்.டிஎக்ஸ்டி, வெப்மேனிஃபெஸ்ட்) மேக்ஸ்-ஏஜ்=3600. சர்வீஸ் வொர்க்கர் (உலாவியில பின்னணியில ஓடுற ஸ்கிரிப்ட்) இருந்தா அந்தக் கோப்பை மட்டும் இந்தப் பட்டியல்ல சேக்காதீங்க, அதுக்கு நோ-கேஷ்.
3. எல்லாம் ஏறி முடிஞ்ச பிறகு, கடைசியா, தனியா இண்டெக்ஸ்.ஹெச்டிஎம்எல். ஹெடர்: நோ-கேஷ். நோ-கேஷ்னா "வெச்சுக்காதே"ன்னு அர்த்தமில்ல, "வெச்சுக்கோ, ஆனா ஒவ்வொரு தடவையும் கேட்டுட்டுப் போடு"ன்னு அர்த்தம். மாறலன்னா 304, உடம்பில்லாத பதில். "வெச்சுக்கவே வேணாம்"ங்கிறது நோ-ஸ்டோர். அது இங்க தேவையில்ல.
4. இன்வேலிடேஷன் "/" , "/இண்டெக்ஸ்.ஹெச்டிஎம்எல்" ரெண்டுக்கும் போதும். /* போட்டா பில் ஏறாது, ஒரு பாதைன்னுதான் கணக்கு (மாசம் முதல் 1000 பாதை இலவசம்). ஆனா மாறாத ரியாக்ட் சங்க்கையும் எல்லா ஊர் எட்ஜும் திரும்ப ஆரிஜின்லருந்து (மூலக் கோப்பு இருக்குற பக்கெட்) இழுக்கும்.

இதுல சறுக்குற இடம் ரெண்டு. ஒண்ணு, சிங்க் மாறாத கோப்போட மெட்டாடேட்டாவைத் தொடாது. அதனால புது கேஷ்-கன்ட்ரோல் பழைய கோப்புகளுக்கு ஒட்டாது. ஒரே ஒரு தடவை மெட்டாடேட்டாவை ரீப்ளேஸ் பண்ணச் சொல்லி காப்பி பண்ணணும். ரெண்டு, சிஐ-ல ஒவ்வொரு தடவையும் ஃபைல் நேரம் புதுசா இருக்குன்னு யாராவது --சைஸ்-ஒன்லி சேத்திருந்தா எடுத்துடுங்க. வீட் ஹேஷ் டிஃபால்ட்டா 8 எழுத்து. ஹேஷ் மட்டும் மாறின இண்டெக்ஸ்.ஹெச்டிஎம்எல் பழசுக்கும் புதுசுக்கும் பைட் கணக்கு அச்சு அசலா ஒண்ணா இருக்கும். அளவு ஒண்ணுதானேன்னு சிங்க் அதை ஏத்தாமலே போயிடும். டெப்ளாய் பச்சை, சைட் பழசு. மண்டையை உடைச்சுக்கலாம்.

வீட் 4.4-லருந்து ப்ரீலோட்எரர்னு ஒரு ஈவென்ட் (சங்க் இறங்கலன்னா வர்ற அறிவிப்பு) விண்டோவுக்கு வருது. அதைப் பிடிச்சு லொக்கேஷன் ரீலோட் பண்ணலாம், ஆனா செஷன்ஸ்டோரேஜ்ல ஒரு கொடி வெச்சு ஒரு தடவைக்கு மேல பண்ணாதபடி பாத்துக்குங்க. இல்லன்னா வெள்ளைத் திரைக்குப் பதிலா முடிவில்லாத ரீலோட். பாதி நிரப்பின ஃபாரம் இருக்குற பக்கத்துல தானா ரீலோட் பண்ணவே கூடாது. "புது பதிப்பு வந்திருக்கு"ன்னு ஒரு பட்டை காட்டி விட்டுடுங்க.

பதில்: ஓரவஞ்சகன்

மேலே சொன்னதோடு எஸ்பிஏ ரூட்டிங்கையும் சரிசெய்ய வேண்டும். எட்ஜ் ஃபங்ஷனுக்கு உங்களிடம் இருக்கும் முதல் உண்மையான வேலை அதுதான்.

கஸ்டம் எரர் ரெஸ்பான்ஸை நீக்குங்கள். டிஃபால்ட் பிஹேவியரில் மட்டும், வியூவர் ரிக்வெஸ்ட்டில் (பயனரின் கோரிக்கை எட்ஜுக்கு வந்ததும்) ஒரு கிளவுட்ஃபிரண்ட் ஃபங்ஷன் போடுங்கள். நாலைந்து வரிதான்: யூஆர்ஐ பக்கமா கோப்பா என்று பார், பக்கம் என்றால் யூஆர்ஐயை /இண்டெக்ஸ்.ஹெச்டிஎம்எல் என மாற்றித் திருப்பு. கேஷ் சாவி (எட்ஜ் நகலைத் தேடும் பெயர்) மாற்றிய யூஆர்ஐயை வைத்துத்தான் உருவாகும். ஆக ஆயிரம் ரூட் இருந்தாலும் எட்ஜில் ஒரே ஒரு இண்டெக்ஸ்தான் இருக்கும். /அசெட்ஸ்/* தனி பிஹேவியர், /ஏபிஐ/* தனி பிஹேவியர், இரண்டிலும் ஃபங்ஷன் வேண்டாம். பட்டியலிடும் அனுமதியையும் பக்கெட் பாலிசியில் கொடுத்துவிட்டால் தொலைந்த கோப்பு நேர்மையாக 404 என்று சொல்லும்.

"புள்ளி இருந்தால் கோப்பு" என்று சோதிக்கும் உதாரணம் எங்கும் கிடைக்கிறது. அதை அப்படியே எடுக்காதீர்கள். /பயனர்/எஸ்.குமார் என்ற முகவரியிலும் புள்ளி உண்டு. உங்களிடம் இருக்கும் நீட்டிப்புகளை (ஜேஎஸ், சிஎஸ்எஸ், எஸ்விஜி, வோஃப்2, டிஎக்ஸ்டி...) பட்டியலாக வைத்து ஒப்பிடுங்கள்.

இந்த ஃபங்ஷன்களின் வரம்பு குறுகியது. கோடு (நிரல்) 10 கேபி, ஓட்டம் 1 மில்லிசெகண்டுக்குள், நெட்வொர்க் அழைப்பு கிடையாது, ரிக்வெஸ்ட் பாடியைப் பார்க்க முடியாது. பழைய சைட்டின் ரீடைரக்ட் நாலாயிரம் இருந்தால் 10 கேபிக்குள் அடங்காது. அதற்குத்தான் 2023 நவம்பரில் கீவேல்யூஸ்டோர் (சாவி-மதிப்பு இணைகளை வைக்கும் சிறு கிடங்கு) வந்தது, ஒரு ஸ்டோருக்கு 5 எம்பி. ரீடைரக்ட், நாடு பார்த்து மொழியை மாற்றுவது, ஏ/பி சோதனைக்குப் பயனரைப் பிரிப்பது, கையெழுத்திட்ட டோக்கன் சரியா என்று பார்ப்பது: எட்ஜுக்கு ஏற்ற வேலை இவை. எல்லாவற்றுக்கும் பொதுவான குணம், பதில் சொல்ல டேட்டாபேஸ் தேவையில்லை.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி. எட்ஜில் ரெண்டர் செய்வது வேறு, ரெண்டர் ஆனதை எட்ஜில் வைப்பது வேறு. உங்களுக்கு வேண்டியது இரண்டாவது.

கணக்கு போட்டுப் பாருங்கள். ஃபைபரில் ஒளி செகண்டுக்குச் சுமார் 2 லட்சம் கி.மீ. அதாவது 1000 கி.மீ. தூரத்துக்குப் போய்வர 10 மில்லிசெகண்ட். மும்பை–சிங்கப்பூர் நேர்கோட்டில் சுமார் 3,900 கி.மீ. இயற்பியல் அனுமதிப்பதே 39 மில்லிசெகண்ட். கேபிள் வளைந்து போவதையும் ரவுட்டர்களையும் சேர்த்து 60 என்று வையுங்கள். பொருள் பக்கத்துக்கு நாலு குவெரி, ஒன்றன் விடை வந்த பிறகே அடுத்தது. சிங்கப்பூர் எட்ஜில் ரெண்டர் செய்தால் நாலு தடவை மும்பை போய்வர வேண்டும்: 240. போஸ்ட்கிரெஸுக்குப் புதிய கனெக்ஷன் என்றால் டிசிபி, டிஎல்எஸ், பாஸ்வேர்ட் என முதல் குவெரிக்கு முன்பே மேலும் சில சுற்று. அதையே மும்பையில் ரெண்டர் செய்தால் நாலு குவெரியும் ஒரே டேட்டா சென்டருக்குள் முடிந்துவிடும், சிங்கப்பூர் வாடிக்கையாளர் ஒரு சுற்று 60 மட்டும் கொடுக்கிறார். கோடு பயனருக்குப் பக்கத்தில் வந்தது, டேட்டாவைவிட்டுத் தூரப் போய்விட்டது. கிளவுட்ஃபிளேரே வொர்க்கரை பேக்எண்டுக்குப் பக்கத்தில் தானாக நகர்த்தும் ஸ்மார்ட் பிளேஸ்மென்ட் என்ற வசதியை வைத்திருக்கிறது. எட்ஜ் விற்பவர்களே எட்ஜிலிருந்து விலகி நிற்க ஒரு பட்டன் கொடுத்திருக்கிறார்கள், அதிலிருந்தே புரிந்துகொள்ளலாம்.

ஆகவே: மும்பையில் ஒரு சாதாரண நோட் சர்வர் ரெண்டர் செய்யட்டும். ஹெடர் மேக்ஸ்-ஏஜ்=0, எஸ்-மேக்ஸ்ஏஜ்=60, ஸ்டேல்-வைல்-ரீவேலிடேட்=600. எட்ஜ் 60 செகண்ட் புதிதாக வைத்திருக்கும். அதற்குப் பிறகு 10 நிமிடம் வரை பழையதை உடனே கொடுத்துவிட்டு, பின்னால் மும்பையிடம் புதியதை வாங்கிக்கொள்ளும். கிளவுட்ஃபிரண்ட் இதை 2023 முதல் மதிக்கிறது. விலை, இருப்பு, கூடை எண்ணிக்கை மூன்றையும் ஹெச்டிஎம்எல்லில் எழுதாதீர்கள். பக்கம் வந்த பிறகு ஏபிஐயில் வாங்குங்கள்.

கேஷ் ஆகும் ஹெச்டிஎம்எல் பதிலில் செட்-குக்கி ஹெடர் ஒன்றுகூட இருக்கக் கூடாது. குக்கிகளை ஆரிஜினுக்கு அனுப்பும்படி வைத்திருந்தால் கிளவுட்ஃபிரண்ட் அந்த ஹெடரையும் சேர்த்தே சேமிக்கும். முதலில் வந்தவரின் செஷன் குக்கி அடுத்த 60 செகண்டில் வரும் எல்லாருக்கும் போகும். சர்வர் ஃபிரேம்வொர்க்குகள் பல, கேட்காமலேயே செஷன் குக்கி வைக்கும். பொருள் பக்கங்களின் ரூட்டில் அந்த மிடில்வேரைக் கழற்றுங்கள். ரெஸ்பான்ஸ் ஹெடர்ஸ் பாலிசியில் செட்-குக்கியை நீக்கச் சொல்லி இரண்டாவது பூட்டும் போடலாம், ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள்.

லாம்டா@எட்ஜ் பற்றிச் சுருக்கமாக: வர்ஜீனியா ரீஜனிலிருந்துதான் டெப்ளாய் ஆகும், என்விரான்மென்ட் வேரியபிள் கிடையாது. வியூவர் பக்கத்தில் 5 செகண்ட், 128 எம்பி. நீங்களே உருவாக்கும் பதில் 40 கேபி தாண்டக் கூடாது. ஆரிஜின் பக்கத்தில் 30 செகண்ட், 1 எம்பி. லாக் எந்த ஊரில் ஓடியதோ அந்த ரீஜனின் கிளவுட்வாட்சில் விழும். "லாக்கே வரவில்லை" என்று வர்ஜீனியாவில் தேடிக்கொண்டிருப்பவர்கள் மும்பையைத் திறந்து பார்க்கலாம். உங்கள் தேவைக்கு இது வேண்டாம் என்பேன்.

வொர்க்கர்ஸ் நல்ல பொருள். ஐசோலேட் முறை (ஒரே புராசஸுக்குள் பல நிரல்கள் தனித்தனியாக ஓடுவது) என்பதால் கன்டெய்னர் எழும்பும் தாமதம் இல்லை, நெட்வொர்க்குக்குக் காத்திருக்கும் நேரம் சிபியு கணக்கில் வராது. ஆனால் இலவசத் திட்டத்தில் சிபியு 10 மில்லிசெகண்ட், ரியாக்ட் சர்வர் ரெண்டருக்கு அது எட்டாக்கனி. வெள்ளைத் திரைக்காக அங்கே போனால் வெள்ளைத் திரையும் கூடவே வரும்.

பதில்: தனிப்பொட்டலம்

முந்நூத்துநாலு சொன்ன வரிசை சரிதான், ஆனா --டெலீட்டை எடுத்துட்டா பக்கெட் வீங்கிக்கிட்டே போகுமே, அதை யாரும் சொல்லலயே? உடனே எல்லாரும் கை வைக்கிற இடம் எஸ்3 லைஃப்சைக்கிள்: 30 நாளான கோப்பை அழி. அதைச் செய்யாதீங்க. லைஃப்சைக்கிள் பாக்குறது கோப்பு ஏறின தேதியை, பயன்பாட்டை இல்ல. ரியாக்ட் இருக்குற வெண்டர் சங்க் ரெண்டு மாசமா மாறலன்னா, --சைஸ்-ஒன்லி இருந்தாலோ நடுவுல டெப்ளாயே நடக்கலன்னாலோ சிங்க் அதைத் திரும்ப ஏத்தியிருக்காது. 31-வது நாள் லைஃப்சைக்கிள் அதைத் தூக்கிடும், யாரும் டெப்ளாய் பண்ணாத ஞாயித்துக்கிழமை சைட் படுக்கும்.

வீட் கான்ஃபிக்ல பில்டு மேனிஃபெஸ்ட்டை (பில்டுல உருவான கோப்புகளோட பட்டியல்) ஆன் பண்ணுங்க, ஒவ்வொரு பில்டோட மேனிஃபெஸ்ட்டையும் கமிட் எண் (அந்தக் கோடு பதிப்போட அடையாளம்) போட்டு வேற பக்கெட்ல சேமிங்க. ராத்திரி ஒரு ஸ்கிரிப்ட்: கடைசி 20 பில்டுல எதுலயும் இல்லாத கோப்பை மட்டும் அழி. அவ்வளவுதான்.

எனக்குப் பிடிச்சது இன்னும் ஒரு படி மேல. ஒவ்வொரு பில்டும் /பி/கமிட்-எண்/ன்னு தனி ஃபோல்டர், வீட் கான்ஃபிக்ல பேஸ் பாதையை அதுக்கு மாத்திடணும். இப்ப எந்த கமிட் லைவ்ங்கிறதை கீவேல்யூஸ்டோர்ல ஒரே சாவியா வைங்க. ஃபங்ஷன் அதைப் படிச்சு யூஆர்ஐயை அந்த ஃபோல்டரோட இண்டெக்ஸுக்கு மாத்தும். ரோல்பேக்குன்னா அந்த ஒரு சாவியைப் பழைய கமிட்டுக்கு மாத்துறது, பில்டு வேணாம், இன்வேலிடேஷன் வேணாம். புல் ரிக்வெஸ்ட் ப்ரிவ்யூவுக்கும் இதே வழி, ஹோஸ்ட்டைப் பாத்து கமிட்டைத் தேர்ந்தெடுக்கலாம். நட்டம் என்னன்னா, மாறாத வெண்டர் சங்க்கோட யூஆர்எல்லும் ஒவ்வொரு டெப்ளாய்க்கும் மாறும், பயனர் திரும்ப இறக்கணும். வாரத்துக்கு ஒரு டெப்ளாய்னா பரவாயில்ல. ஒரு நாளைக்கு பத்துன்னா முந்நூத்துநாலு சொல்ற பொது அசெட்ஸ் ஃபோல்டரே மேல்.

பதில்: எம்ஏஏ_50

எல்லாத்துக்கும் முன்னாடி ஒண்ணு. கர்ல் கட்டளையை -ஐ (I) கொடியோட போட்டு எக்ஸ்-ஏஎம்இசட்-சிஎஃப்-பாப் ஹெடரைப் பாருங்க. எம்ஏஏன்னு ஆரம்பிச்சா சென்னை, பிஓஎம் மும்பை, எஸ்ஐஎன் சிங்கப்பூர். விமான நிலையக் குறியீடுதான். சென்னைலருந்து கேட்டு எஃப்ஆர்ஏ மாதிரி ஏதாவது வந்தா டிஸ்ட்ரிபியூஷன்ல பிரைஸ் கிளாஸ் 100 இருக்கான்னு பாருங்க. செலவு குறையும்னு அதைத் தேர்ந்தெடுத்து வெச்சிருப்பாங்க. அதுல இந்தியாவும் இல்ல, சிங்கப்பூரும் இல்ல. ஃபிராங்க்ஃபர்ட் போய் மும்பைக்குத் திரும்பி வர்ற சிடிஎன்னைவிட சிடிஎன் இல்லாமலே வேகமா இருக்கும். உங்க பயனர்களுக்கு கிளாஸ் 200 வேணும்.

அடுத்து எக்ஸ்-கேஷ், ஏஜ் ஹெடர் ரெண்டும். ஒரே யூஆர்எல்லை ரெண்டு தடவை கேட்டும் மிஸ்ஸே (கேஷ்ல இல்ல) வந்தா கேஷ் பாலிசியைத் திறங்க. எல்லா குவெரி ஸ்ட்ரிங்கும் (யூஆர்எல்ல ?-க்குப் பின்னாடி வர்றது) சாவியில இருந்தா ஃபேஸ்புக் விளம்பர லிங்க் வழியா வர்ற ஒவ்வொருத்தருக்கும் எஃப்பிகிளிட் (ஃபேஸ்புக் ஒட்டுற கிளிக் அடையாளம்) வேற, ஆக ஒவ்வொரு பக்கமும் புது பக்கம். தேவையான பாராமீட்டரை மட்டும் பேர் சொல்லிச் சேருங்க. குக்கியும் அப்படித்தான், எல்லாத்தையும் சாவியில போட்டா கேஷ் இருந்தும் இல்லாத மாதிரி.

கம்ப்ரஷனும் பாருங்க. கிளவுட்ஃபிரண்ட் 1,000 பைட்டுக்குக் கீழயும் 1 கோடி பைட்டுக்கு மேலயும் சுருக்காது. ஜிஜிப், ப்ராட்லி (சுருக்குற முறைங்க) ரெண்டையும் கேஷ் பாலிசியில ஆன் பண்ணணும்.

சங்க்_தேடி

நன்றி, எல்லாரும் சொன்னது அப்படியே இருக்கிறது: கஸ்டம் எரர் ரெஸ்பான்ஸ் உண்டு, --சைஸ்-ஒன்லி உண்டு, பிரைஸ் கிளாஸ் 100. எட்ஜ் ரெண்டரை விட்டுவிட்டோம். ஒரே ஒரு கேள்வி மிச்சம். ஏற்கெனவே 7 நாள் ஹெடரோடு தவறான பதிலை வாங்கிவைத்திருக்கும் உலாவிகளை எப்படி மீட்பது? ஒரு வாரம் காத்திருக்கத்தான் வேண்டுமா?

பதில்: முந்நூத்துநாலு

ரெண்டு கூட்டம் இருக்கு, ரெண்டுக்கும் மருந்து வேற.

.ஜேஎஸ் பேருல ஹெச்டிஎம்எல் வெச்சிருக்குறவங்களுக்கு யூஆர்எல்லையே மாத்துங்க. வீட் கான்ஃபிக்ல அசெட்ஸ்டிர்-ஐ அசெட்ஸ்லருந்து ஏ2-ன்னு மாத்தி ஒரு பில்டு. எல்லாச் சங்க்கும் புது பாதைக்குப் போயிடும், கெட்டுப்போன பழைய பதிலை யாரும் கேக்கவே மாட்டாங்க. புது /ஏ2/*-க்கு பிஹேவியர் சேக்க மறந்துடாதீங்க.

பழைய இண்டெக்ஸையே 7 நாள் வெச்சிருக்குறவங்க லிங்க்கை அமுக்கி வந்தா சர்வரை எட்டிக்கூட பாக்க மாட்டாங்க. அவங்க கேக்கப்போற பழைய சங்க்கை பக்கெட்ல திரும்ப வைங்க. வெர்ஷனிங் (பழைய பதிப்புகளையும் பக்கெட்லயே வெச்சிருக்குறது) ஆன்ல இருந்தா, அழிஞ்சதுன்னு குறிக்கிற டெலீட் மார்க்கரை எடுத்தாலே கோப்பு திரும்ப வந்துடும். இல்லன்னா கடைசி ஒரு வாரத்து கமிட்டுகளைத் திரும்ப பில்டு பண்ணி அசெட்ஸை மட்டும் ஏத்துங்க. லாக்ஃபைலும் (லைப்ரரி பதிப்புகளைப் பூட்டி வெச்ச கோப்பு) நோட் பதிப்பும் அப்போ இருந்ததேவா இருக்கணும், இல்லன்னா ஹேஷ் ஒத்துப்போகாது. ஏத்துறதுக்கு முன்னாடி சிடிஎன் லாக்ல டெக்ஸ்ட்/ஹெச்டிஎம்எல்னு பதில் போன .ஜேஎஸ் பேருங்களை எடுத்து ஒப்பிட்டுப் பாருங்க. அந்தப் பட்டியல்ல உள்ளது எல்லாம் பக்கெட்ல வந்துட்டா போதும், அவங்க பழைய பதிப்பையே இன்னும் சில நாள் நிம்மதியா ஓட்டிக்குவாங்க.